கடன் கொடுக்கும் பயிர்: போர் நிலங்களில் அபின் ஏன் வேர்விடுகிறது?

2023ஆம் ஆண்டின் அபின் கணக்கில் இரண்டு செய்திகள் சேர்ந்து வந்தன. ஆப்கானிஸ்தானில் முந்தைய ஆண்டு 2,33,000 ஹெக்டேரில் நடந்த அபின் சாகுபடி, தாலிபான் விதித்த தடையால் 10,800 ஹெக்டேராகச் சரிந்தது. அதே ஆண்டில் மியான்மர் சுமார் 1,080 டன் அபின் விளைவித்து உலகில் முதலிடத்துக்கு வந்தது. 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததிலிருந்து அந்த நாடு உள்நாட்டுப் போரில் சிக்கியிருக்கிறது. ஐ.நா.வின் போதைப்பொருள் மற்றும் குற்றத் தடுப்பு அலுவலகம் ஆண்டுதோறும் வெளியிடும் இந்தக் கணக்கைப் பார்ப்பவர்கள் பலர் உடனே ஒரு விளக்கம் சொல்லிவிடுகிறார்கள்: அபினுக்கு நல்ல விலை கிடைக்கிறது, அதனால் போடுகிறார்கள். இந்த விளக்கம் பாதிகூடச் சரியில்லை. இதை நம்பி எத்தனையோ கோடி டாலர் பணத்தைப் பாழாக்கினார்கள். அதைவிடக் கொடுமை, கையில் ஒன்றுமில்லாத விவசாயிகளைப் பேராசைக்காரர்கள் என்று முத்திரை குத்தினார்கள்.

வட ஆற்காட்டில் விவசாயம் தெரிந்த எவருக்கும் இந்த விளக்கத்தின் ஓட்டை தெரியும். விலைதான் பயிரைத் தீர்மானிக்கிறது என்றால் ஒடுகத்தூர் பக்கத்து மானாவாரி நிலத்தில் யாரும் மணிலாக்கொட்டை (நிலக்கடலை) போடவே மாட்டார்கள். அதைவிட அதிக வருமானம் தரும் பயிர்களின் பெயர்கள் அந்த விவசாயிக்கும் தெரியும். விதைப்பதற்கு முன் அவர் மனதில் ஓடும் கேள்விகள் வேறு. விதைக்கொட்டைக்குப் பணம் யார் தருவார்? உரத்தை யார் கடனாகக் கொடுப்பார்? விளைந்ததை யார் எடுத்துக்கொள்வார்? மழை ஏமாற்றினால் அடுத்த போகம் வரை வீட்டுச் செலவுக்கு என்ன வழி? மண்டிக்காரரிடம் முன்பணம் வாங்கியிருந்தால் மூட்டையை அவரிடம்தான் இறக்க வேண்டும். கமிஷன், எடைக்கூலி, இறக்குகூலி எல்லாம் போகச் சீட்டில் என்ன மிஞ்சுகிறதோ அதுதான் அந்த ஆண்டின் வருமானம்.

1973-74இல் கேம்பிரிட்ஜ், சென்னைப் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் பசுமைப் புரட்சி என்ன செய்தது என்று பார்க்க வட ஆற்காட்டுக் கிராமங்களைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். அதன் தொடர்ச்சியாக ஆரணி வட்டார வியாபாரிகளின் கொடுக்கல் வாங்கலையும் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். கடனும் விற்பனையும் ஒரே கையில் இருக்கும் ஏற்பாடு அந்த ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தட்டுப்படுகிறது. நம் ஊர்க்காரர்களுக்கு அது புதுச் செய்தியாக இருந்திருக்காது.

ஆனாலும் நம் விவசாயிக்கு மண்டியைத் தவிர வேறு கதவுகளும் இருக்கின்றன. சிட்டா, அடங்கல் எடுத்துக்கொண்டு கூட்டுறவுக் கடன் சங்கத்துக்குப் போகலாம். தவணைக்குள் கட்டிவிட்டால் பயிர்க்கடனுக்கு வட்டி கிடையாது. மனைவியின் சங்கிலியை வங்கியில் அடகு வைக்கலாம். ரேஷன் அரிசி இருக்கிறது. விற்பதற்கு ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் இருக்கிறது. இந்தக் கதவுகள் எப்போதும் தாராளமாகத் திறந்திருப்பதில்லை என்பது உண்மை. ஆனால் இருக்கின்றன.

இப்போது இவற்றை ஒவ்வொன்றாக எடுத்துவிடுங்கள். கூட்டுறவுச் சங்கம் இல்லை, வங்கி இல்லை, ரேஷன் கடை இல்லை. நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று சொல்ல வட்டாட்சியர் அலுவலகம் இல்லை. சந்தைக்குப் போகும் சாலையில் நான்கு இடங்களில் நான்கு ஆயுதக் குழுக்கள் நின்றுகொண்டு வசூலிக்கின்றன. மூட்டையோடு போனவர் திரும்பி வருவாரா என்பதற்கே உத்தரவாதம் இல்லை. இந்த நிலை ஓராண்டு ஈராண்டு அல்ல, ஒரு தலைமுறைக்கு மேல் நீடிக்கிறது. கடைசியில் எஞ்சியிருப்பவர் முன்பணம் கொடுக்கும் வியாபாரி ஒருவர்தான். அவரும் ஒரே ஒரு பயிரை நம்பித்தான் பணம் கொடுப்பார்.

ஆப்கானிஸ்தானில் இந்த முன்பண முறைக்கு சலாம் என்று பெயர். வேறு பயிர்களுக்கும் அது உண்டு. ஆனால் 1990களில் ஹெல்மந்த், கந்தஹார், நங்கர்ஹார் பகுதிகளில் பெரும்பாலும் அபின் மேல்தான் சலாம் கொடுத்தார்கள். குளிர்காலத்தில் வீட்டில் கோதுமை தீரும் நேரம் பார்த்து வியாபாரி வருவார். வசந்தகால அறுவடையில் இத்தனை கிலோ அபின் தர வேண்டும் என்று பேசி முடித்து, அன்றைய விலையில் ஏறக்குறைய பாதியைக் கையில் கொடுப்பார். மாவு, எண்ணெய், தேயிலை, பிள்ளைகளுக்குத் துணி, நோய்க்கு மருந்து எல்லாம் அந்தப் பணத்தில்தான் வாங்க வேண்டும். இஸ்லாமிய மார்க்கம் வட்டியை விலக்கியிருப்பதால் இந்தப் பேச்சில் வட்டி என்ற சொல்லே வராது. ஆனால் வசந்தத்தில் நூறு பெறும் பொருளைக் குளிர்காலத்திலேயே ஐம்பதுக்கு விற்றவர் உண்மையில் என்ன வட்டி கட்டுகிறார்? ஆறு மாதத்துக்கு நூற்றுக்கு நூறு. நம் ஊர் மீட்டர் வட்டிக்காரர்கள்கூட இதைக் கேட்டு வாய் பிளப்பார்கள்.

இப்படிக் கடன்பட்டவருக்கு அபின் விலை உயர்ந்ததால் என்ன பயன்? தன் விளைச்சலை அவர் ஏற்கெனவே பாதி விலைக்கு விற்றாகிவிட்டது. விலை உயர்வு முழுவதும் வியாபாரிக்குப் போகிறது. விளைச்சல் பொய்த்தால் கொடுக்க வேண்டிய அபின் கடனாக அடுத்த ஆண்டுக்கு ஏறுகிறது. அதை அடைக்க மீண்டும் அபின் போட வேண்டும். பயிர்தான் கடனுக்குப் பிணை. சொந்த நிலம் இல்லாதவர்களின் நிலை இதைவிடக் கடினம். விளைச்சலில் கூடுதல் பங்கு கிடைக்கும் என்பதால், அபின் போடச் சம்மதிப்பவருக்கே நிலத்தை விடும் உரிமையாளர்கள் பல இடங்களில் இருந்தார்கள். கோதுமைதான் போடுவேன் என்று சொன்னவருக்குக் கடனும் இல்லை, நிலமும் இல்லை.

கோதுமை, திராட்சை, மாதுளை எல்லாம் என்ன ஆயின? ஆப்கானிஸ்தான் எப்போதும் அபின் நாடாக இருந்ததில்லை. 1970களில் உலகக் கிஸ்மிஸ் சந்தையில் அதற்கு முக்கிய இடம் இருந்தது. இன்றும் பேரணாம்பட்டிலும் ஆம்பூரிலும் ரமலான் மாதத்தில் கடைகளில் தொங்கும் உலர் அத்திப்பழச் சரங்களில் பெரும்பகுதி அங்கிருந்து வருபவை. 1979 டிசம்பரில் சோவியத் படைகள் நுழைந்தன. கிராமங்கள் போராளிகளுக்குச் சோறு போடுகின்றன என்பதற்காக அவற்றின் மீது குண்டு போட்டார்கள். மலையடிவாரத்து நிலத்தடி நீரை வயலுக்குக் கொண்டுவரும் கரேஸ் எனும் சுரங்கக் கால்வாய்கள் இடிந்தும் தூர்ந்தும் போயின. அவற்றைத் தூர்வாரத் தெரிந்தவர்கள் அகதிகளானார்கள். 1980களின் முடிவில் 50 லட்சத்துக்கு மேற்பட்ட ஆப்கானியர்கள் பாகிஸ்தானிலும் ஈரானிலும் இருந்தார்கள். பிறகு 1999இல், காபூலுக்கு வடக்கே ஷொமாலி சமவெளியில் தாலிபான் படைகள் திராட்சைத் தோட்டங்களை எரித்தன. பழ மரங்களை வெட்டிச் சாய்த்தன, வாய்க்கால்களை அழித்தன.

மரப்பயிருக்கும் போருக்கும் ஒத்துவராது என்பதற்கு ஷொமாலியே போதும். திராட்சைக் கொடி நட்டால் கையில் காசு பார்க்க மூன்று ஆண்டுகளாவது ஆகும். மாதுளைக்கும் கிட்டத்தட்ட அப்படித்தான். மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு அந்த நிலத்தில் தானே இருப்போமா என்று தெரியாதவர் எதை நம்பிக் கொடி நடுவார்? அபின் தரும் கசகசாச் செடியை ஐப்பசி, கார்த்திகை வாக்கில் விதைத்தால் சித்திரையில் பால் எடுத்துவிடலாம். நம் வீட்டுக் குருமாவில் அரைத்துவிடும் கசகசா இந்தச் செடியின் விதைதான். போதை இருப்பது விதையில் அல்ல, பச்சைக் காயிலிருந்து வடியும் பாலில். இந்தச் செடி கோதுமையைவிடக் குறைந்த தண்ணீரில் தாக்குப்பிடிக்கும். ஒரு ஹெக்டேரில் கிடைக்கும் அபின் இருபது முப்பது கிலோதான். ஒரு கழுதை முதுகில் ஒரு குடும்பத்தின் ஆண்டு விளைச்சலே போய்விடும். பாலம் உடைந்திருந்தாலும், லாரி வராவிட்டாலும், எல்லை மூடியிருந்தாலும் கவலையில்லை. வாங்குபவர் வீட்டு வாசலுக்கே வருவார். அபின் கெட்டும் போகாது. ஒழுங்காக உலர்த்திப் பொட்டலம் கட்டி வைத்தால் ஆண்டுக்கணக்கில் இருக்கும். வங்கி இல்லாத ஊரில் அதுதான் சேமிப்பு. பணத்தின் மதிப்பு வாரத்துக்கு வாரம் சரியும் நாட்டில் அதுதான் தங்கம். மகளின் திருமணத்துக்கு, அறுவைச் சிகிச்சைக்கு, ஆள் கடத்தப்பட்டால் மீட்பதற்கு ஒரு பொட்டலத்தை எடுத்து விற்கிறார்கள்.

அபின் அறுவடை எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். இதழ் உதிர்ந்து காய் திரண்டதும் வேலை தொடங்கும். மூன்று நான்கு கூர்மையான சிறு அலகுகள் பதித்த மரப்பிடி ஒன்று. அதற்கு நிஷ்தர் என்று பெயர். வெயில் தாழும் நேரத்தில் ஒவ்வொரு காயையும் இடக்கையில் பிடித்து அதனால் மெல்லக் கீறுவார்கள். ஆழமாகக் கீறினால் பால் காய்க்குள்ளேயே இறங்கி வீணாகும். மேலாகக் கீறினால் வடியாது. கீறிய காயின் மேல் உடை உரசிப் பால் போய்விடக் கூடாது என்பதற்காகப் பின்னோக்கி நடந்தபடியே கீறிக்கொண்டு போவார்கள். இரவெல்லாம் வடிந்து பழுப்பாக உறைந்த பாலை மறுநாள் விடியலில், வெயில் ஏறுவதற்குள் தகட்டால் வழித்துக் கிண்ணத்தில் சேர்க்க வேண்டும். சில நாள் விட்டு அதே காயை வேறு பக்கம் மீண்டும் கீற வேண்டும். ஒரு காய்க்கு இப்படி மூன்று, நான்கு, ஐந்து தடவை. ஒரு வயலில் ஆயிரக்கணக்கான காய்கள். ஆப்கானிஸ்தானில் ஒரு ஹெக்டேர் கோதுமைக்கு 40 ஆள்நாள் வேலை போதும் என்றால், ஒரு ஹெக்டேர் அபினுக்குச் சுமார் 350 ஆள்நாள் தேவைப்படுகிறது.

அமைதியான நாட்டில் இவ்வளவு கூலியாள் கேட்கும் பயிர் விவசாயிக்குத் தலைவலி. போரில் தொழிற்சாலையும் கட்டுமான வேலையும் அரசு வேலையும் அழிந்துபோன நாட்டில் அதுவே லட்சக்கணக்கானவர்களுக்குக் கிடைக்கும் ஒரே வேலை. ஆப்கானிஸ்தானில் அறுவடைக் காலத்தில் ஆண்கள் மாவட்டம் விட்டு மாவட்டம் போய்க் கீறினார்கள். கூலி பல இடங்களில் அபின் பங்காகவே கிடைத்தது. ஆகவே ஒரு வயலை அழித்தால் அதன் சொந்தக்காரர் ஒருவர் மட்டும் இழப்பதில்லை. நிலத்தைப் பங்குக்கு எடுத்தவர், கீறியவர், அவர்களுக்குக் கடனில் மாவு கொடுத்த கடைக்காரர் என்று வரிசையாக விழுகிறார்கள்.

இத்தனையும் விவசாயியின் பக்கம். துப்பாக்கி வைத்திருப்பவர் பக்கம் கணக்கு எளிமையானது. 1949இல் சீனாவில் கம்யூனிஸ்டுகளிடம் தோற்ற குவோமிந்தாங் கட்சிப் படைகளில் ஒரு பகுதி யுன்னானிலிருந்து பர்மாவின் (இன்றைய மியான்மரின்) ஷான் மலைகளுக்குள் இறங்கியது. அந்தப் படைத் தளபதிகளில் ஒருவரான துவான் ஷிவென், 1967இல் ஒரு பிரிட்டிஷ் பத்திரிகைக்கு அதை மறைக்காமல் சொன்னார்: போரிடப் படை வேண்டும், படைக்குத் துப்பாக்கி வேண்டும், துப்பாக்கி வாங்கப் பணம் வேண்டும், இந்த மலைகளில் பணம் என்றால் அபின் ஒன்றுதான். அரிசியையும் தேயிலையையும் நம்பி ஒரு படையை நடத்த முடியாது. கழுதைமேல் ஏற்றிக் காட்டுவழியில் எல்லை தாண்டக்கூடிய சரக்கை நம்பி நடத்தலாம். ஹெல்மந்தில் சோவியத் படைகளை எதிர்த்த தளபதி முல்லா நசீம் அகுந்த்ஸாதா 1980களில், எவ்வளவு நிலத்தில் கசகசா போட வேண்டும் என்று விவசாயிகளுக்கு அளவே விதித்தார். அமெரிக்க உதவிக்கு ஈடாகச் சாகுபடியைக் குறைக்க ஒப்புக்கொண்டவர் 1990இல் பெஷாவரில் சுட்டுக் கொல்லப்பட்டார். தாலிபான் விளைச்சலில் பத்தில் ஒன்றை உஷ்ர் வரியாக வாங்கியது. அவர்களை எதிர்த்த வடக்குக் கூட்டணியின் கையில் இருந்த படக்‌ஷானிலும் அபின் விளைந்தது. 2005இல் ஹெல்மந்தில் அமெரிக்க ஆதரவு பெற்ற அரசின் ஆளுநர் அலுவலகத்திலேயே சுமார் 9 டன் அபின் பிடிபட்டது. போரில் எந்தப் பக்கம் நின்றாலும் பணம் வரும் வழி ஒன்றாகத்தான் இருந்தது.

இன்னொரு கொடுமை, இந்தப் பணத்தில் உழுதவருக்குக் கிடைப்பது சொற்பம். 2007இல் ஆப்கானிஸ்தானில் 8,200 டன் அபின் விளைந்தது. அந்த ஆண்டு ஏற்றுமதி மதிப்பு சுமார் 400 கோடி டாலர். நாட்டின் சட்டபூர்வப் பொருளாதாரத்தில் அது பாதிக்கு மேல். அதில் விவசாயிகளின் கைக்கு வந்தது ஏறக்குறைய 100 கோடி. மீதி கடத்தல்காரர்கள், தளபதிகள், அதிகாரிகள், போராளிகள் கையில். அந்தக் 100 கோடியையும் லட்சக்கணக்கான குடும்பங்களுக்குப் பங்கிட்டு, சலாம் கடனைக் கழித்தால் மிஞ்சுவது மாவுக்கும் மருந்துக்கும்தான். இந்தியாவுக்கும் இது பழைய பாடம். கிழக்கிந்தியக் கம்பெனி பீகார் விவசாயிகளுக்கு முன்பணம் கொடுத்து, விலையைத் தானே நிர்ணயித்து அபின் போட வைத்தது. அந்த அபின்தான் சீனாவுக்குப் போய் 1839இல் போரை மூட்டியது. கம்பெனி கொழுத்தது, பீகார் விவசாயி பணக்காரர் ஆகவில்லை.

துருக்கியும் ஆப்கானிஸ்தானின் அண்டை நாடுகளும் எடுத்த முடிவுகளையும் விட்டுவிட முடியாது. துருக்கி 1971-72இல் அபின் சாகுபடியைத் தடை செய்தது. 1979இல் ஈரானில் புரட்சி நடந்து அங்கேயும் தடை வந்தது. பாகிஸ்தானும் அதே ஆண்டு தடை விதித்தது. தேவை குறையவில்லை. சட்டம் நடைமுறையில் இருந்த நாடுகளிலிருந்து பயிர் வெளியேறி, சட்டம் அப்போதுதான் சாகத் தொடங்கியிருந்த நாட்டுக்குள் நுழைந்தது.

தடை பலித்த ஆண்டுகளைத்தான் நான் மிகக் கவனமாகப் பார்க்கச் சொல்வேன். தாலிபான் தலைவர் முல்லா ஒமர் 2000 ஜூலையில் தடை விதித்தார். 82,000 ஹெக்டேராக இருந்த சாகுபடி 2001இல் சுமார் 8,000 ஆனது. உலகம் பாராட்டியது. ஆனால் அந்தக் குளிர்காலத்துக்கு முன்பே சலாம் வாங்கியிருந்தவர்கள் என்ன செய்தார்கள்? அவர்கள் திருப்பித் தர வேண்டியது பணம் இல்லை, அபின். அபின் விலையோ ஓராண்டுக்குள் பத்து மடங்காகியிருந்தது. கடன் அந்தப் புதிய விலையில் கணக்கிடப்பட்டது. கால்நடையை விற்றார்கள், நிலத்தை அடகு வைத்தார்கள், எல்லை தாண்டி ஓடினார்கள். கடனுக்கு ஈடாகச் சிறு வயது மகளைக் கடன் கொடுத்தவர் வீட்டில் மணமுடித்துக் கொடுத்த குடும்பங்கள் உண்டு. ஐம்பதும் நூறும் கிலோவாகப் பதுக்கி வைத்திருந்த வியாபாரிகளும் தளபதிகளும் அதே ஆண்டில் பெரும்பணம் பார்த்தார்கள். 2002இல் சாகுபடி 74,000 ஹெக்டேருக்குத் திரும்பியதை ஏதோ ஆப்கானியர்களின் குணக்கேடு போல எழுதியவர்கள் இந்தக் கடன் கணக்கைப் பார்க்கவில்லை. பத்து மடங்கு கடனை அடைக்க அவர்கள் வேறு எதைப் போட்டிருக்க முடியும்?

அடுத்த பதினைந்து ஆண்டுகளில் அமெரிக்கா மட்டும் ஆப்கானிஸ்தானில் போதைப்பொருள் ஒழிப்புக்கு 800 கோடி டாலருக்கு மேல் செலவிட்டது. 2017இல் சாகுபடி 3,28,000 ஹெக்டேர், வரலாற்றிலேயே உச்சம். டிராக்டரோடு வயலை அழிக்க வந்த அணிகள் எந்த வயலில் இறங்கின என்று பார்த்தாலே தோல்வியின் காரணம் தெரியும். லஞ்சம் கொடுக்க வசதியும், அதிகாரத்தில் சொந்தக்காரரும் உள்ளவரின் வயல் தப்பியது. இரண்டும் இல்லாதவரின் வயல் உழப்பட்டது; அவர் அடுத்த ஆண்டு இன்னும் அதிகமாகக் கடன் வாங்கி, இன்னும் அதிகமாக அபின் போட்டார். நங்கர்ஹாரில் ஒரு வேறுபாடு தெளிவாகத் தெரிந்தது. ஜலாலாபாத் நகரத்தை ஒட்டிய, தண்ணீரும் சாலையும் உள்ள கிராமங்கள் வெங்காயத்துக்கும் காய்கறிக்கும் மாறிக்கொண்டன. நகரத்தில் கூலி வேலையும் கிடைத்தது. மலையோரக் கிராமங்கள் அதே தடையால் பட்டினி கிடந்தன, பின்பு அபினுக்குத் திரும்பின. மாகாணம் ஒன்று, தடை ஒன்று, மக்களும் ஒரே மக்கள். இடையில் இருந்தது சாலையின் நீளம்.

2022 ஏப்ரலில் தாலிபான் மீண்டும் தடை விதித்தபோதும் இதுவே நடந்தது. அபின் விற்று விவசாயிகளுக்கு 2022இல் கிடைத்த வருமானம் சுமார் 136 கோடி டாலர். 2023இல் 11 கோடி. நாட்டில் கோடிக்கணக்கானவர்கள் பட்டினியின் விளிம்பில் இருந்த நேரத்தில் கிராமங்களிலிருந்து 125 கோடி டாலர் மறைந்தது. அதற்கு ஈடாக யாரும் எதையும் கொடுக்கவில்லை. போதைப்பொருள் குறைந்ததை நானும் வரவேற்கிறேன். அபினிலிருந்து செய்யும் ஹெராயின் ஒரு வீட்டுக்குள் புகுந்தால் என்ன செய்யும் என்பதை யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்த வெற்றியின் விலை முழுவதையும் உலகிலேயே ஏழைகளான விவசாயிகள் தலையில் கட்டியதை என்னால் கொண்டாட முடியாது.

கொலம்பியாவில் பயிர் கொக்கேனுக்கு மூலமான கோகா, மற்றதெல்லாம் பெரும்பாலும் இதே கதை. சாலை இல்லாத காட்டோர ஊர்களில் கோகா பசையை எடை போட்டுக் கொடுத்து மளிகைச் சாமான் வாங்கினார்கள். 2016இல் ஃபார்க் கெரில்லாக்களோடு அமைதி ஒப்பந்தம் ஆயிற்று. கோகாவை விட்டால் உதவித்தொகையும் மாற்றுப் பயிரும் தருவதாக அரசு சொன்னதை நம்பி ஏறக்குறைய ஒரு லட்சம் குடும்பங்கள் பதிவு செய்தன. செடியைப் பிடுங்கிய பிறகு உதவி தாமதமானது, சாலை வரவில்லை, கெரில்லாக்கள் விட்டுப்போன இடத்தில் வேறு ஆயுதக் குழுக்கள் வந்து உட்கார்ந்தன. 2023இல் கோகா 2,53,000 ஹெக்டேர்.

இவையெல்லாம் எங்கோ தூரத்து நாட்டு விவகாரம் என்று நினைப்பவர்கள் அணைக்கட்டு வட்டத்து அல்லேரி மலையை எண்ணிப் பார்க்கலாம். அங்கே போர் இல்லை. ஆனால் மலையில் சாராய ஊறல் அழிப்பு என்ற செய்தி எத்தனையோ ஆண்டுகளாக வேலூர்ப் பதிப்புகளில் வந்துகொண்டே இருக்கிறது. 2023 மே மாதம் அதே மலையில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை மருத்துவமனைக்குப் போகும் வழியில் இறந்தது. சாலை இல்லாததால் ஆம்புலன்ஸ் மேலே போகவில்லை. உடலைத் தாயே சுமந்துகொண்டு நடந்தார். இந்த இரண்டு செய்திகளையும் சேர்த்துப் படித்தவர்கள் எத்தனை பேர்? சாமையையும் புளியையும் பலாவையும் தலைச்சுமையாகக் கீழே கொண்டுவந்தால் கிடைக்கும் காசையும், சமவெளியிலிருந்து வெல்லமும் முதலும் கொடுத்து அனுப்புபவர் தரும் காசையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஊறல் பானைகளை உடைப்பது ஒரு நாள் வேலை. சாலை போடுவது பல துறைகளின் கையெழுத்து வேண்டிய வேலை. அதனால்தான் முதலாவது அடிக்கடி நடக்கிறது.

அதே கசகசாச் செடியைச் சட்டப்படி வளர்க்கும் விவசாயிகள் நம் நாட்டிலேயே இருக்கிறார்கள். மத்தியப் பிரதேசத்தின் மந்த்சௌர், நீமச், ராஜஸ்தானின் சித்தோர்கர் போன்ற மாவட்டங்களில், குவாலியரைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய போதைப்பொருள் பணியகம் உரிமம் வழங்குகிறது, வயலை அளக்கிறது, விளைச்சலை எடை போட்டு வாங்குகிறது. நீமச்சிலும் காஜிப்பூரிலும் உள்ள அரசு ஆலைகளுக்கு அபின் போகிறது. வலி தாங்காமல் தவிக்கும் புற்றுநோயாளிக்கு வேலூர் சி.எம்.சி. போன்ற மருத்துவமனைகளில் கொடுக்கும் மார்ஃபின் இந்தச் செடியின் பாலிலிருந்து பிறப்பதுதான். ஆப்கானிஸ்தானிலும் இப்படி உரிமம் கொடுத்தால் என்ன என்ற யோசனை 2005 வாக்கில் பலமாகப் பேசப்பட்டது. அது நடக்கக்கூடியதாக எனக்குத் தோன்றவில்லை. ஒவ்வொரு வயலையும் அளந்து, ஒவ்வொரு கிலோவையும் கணக்கெடுத்து, கடத்தல்காரர் தரும் விலையோடு போட்டி போட ஓர் அரசு வேண்டும். போர் முதலில் அழிப்பது அந்த அரசைத்தான்.

சி.எம்.சி.யைச் சுற்றியுள்ள லாட்ஜுகளில் மணிப்பூர், மிசோரம் குடும்பங்கள் மாதக்கணக்கில் தங்கியிருப்பதை வேலூர்க்காரர்கள் தினமும் பார்க்கிறோம். ஷான் மலை ஹெராயின் இந்தியாவுக்குள் வரும் வழி அவர்களுடைய ஊர்கள்தான். மணிப்பூர் மலைகளிலும் கசகசா விளைகிறது. அதை அழிக்க மாநில அரசு 2018இலிருந்து நடத்திய நடவடிக்கை, 2023 மே மாதம் வெடித்த இனக் கலவரத்துக்கு முன்பே மலைவாழ் மக்களுக்கும் சமவெளிக்கும் இடையே கசப்பை வளர்த்திருந்தது. மலையில் விளைவிப்பவரை ஓர் இனமாகவே குற்றவாளி என்று பேசினார்கள். அதற்கு முதல் போடும் கைகள் பல இடங்களில் வேறாக இருப்பதைப் பேச ஆளில்லை.

தாய்லாந்தின் அனுபவத்தையும் சொல்ல வேண்டும்; அபினைப் பெருமளவு விட்டொழித்த நாடு என்று துணிந்து சொல்லக்கூடியது அது. வடக்கு மலைகளில் 1960களில் சுமார் 18,000 ஹெக்டேரில் அபின் இருந்தது. 1958இலேயே சட்டம் தடை செய்துவிட்டது. சட்டத்தால் ஒன்றும் நடக்கவில்லை. 1969இல் மன்னரின் மலைத் திட்டம் தொடங்கியது. காப்பி, காய்கறி, பூக்கள், குளிர்ப் பிரதேசப் பழங்கள் ஒவ்வொன்றாகச் சோதிக்கப்பட்டன, பல தோற்றன. திட்டமே விளைச்சலை வாங்கியது, கீழே கொண்டுவந்தது, விற்றது. சாலை வந்தது, பள்ளி வந்தது, ஆண்டுகள் பல கடந்து குடியுரிமை அட்டையும் பலருக்கு வந்தது. அழிப்பு அணிகள் மலையேறியது 1984-85 வாக்கில், அதாவது திட்டம் தொடங்கிப் பதினைந்து ஆண்டுகள் கழித்து. சாகுபடி சில நூறு ஹெக்டேராகச் சுருங்க மேலும் பதினைந்து ஆண்டுகள் ஆயின. அந்த முப்பது ஆண்டுகளும் அங்கே ஓர் அரசு இருந்தது, பெரிய போர் இல்லை.

எல்லைக்கு அந்தப் பக்கம் ஷான் மாநிலம். அதே மலைத்தொடர், அதே மண், இரு பக்கமும் லாஹு, ஆகா மக்கள். தாய்லாந்துப் பக்கத்து ஆகா விவசாயி காப்பிக்கொட்டையை மூட்டை கட்டி லாரியில் ஏற்றுகிறார். பர்மாப் பக்கத்தில் எழுபது ஆண்டுகளுக்கு மேலாகப் படைகள் மாறி மாறி வருகின்றன. 2021க்குப் பிறகு சாலைகள் மீண்டும் துண்டிக்கப்பட்டன, உள்ளூர்ப் பணமான கியாட்டின் மதிப்பு விழுந்தது, உரமும் எரிபொருளும் எட்டாத விலைக்குப் போயின. விதைக்கு முன்பணத்தோடு வாசலுக்கு வரும் வியாபாரி மட்டும் ஒரு பருவம்கூடத் தவறவில்லை. 2023இல் அந்நாட்டின் அபின் சாகுபடி 47,100 ஹெக்டேர்; அதில் பெரும்பகுதி ஷான் மாநிலத்தில்.